பறுவத்தில் அடைத்த குழாய்

எங்கள் வீட்டு வளவில் ஒரு குற்றமும் செய்யாமல் வெட்டுப்பட்ட உயிர் ஒன்று உண்டென்றால் அது ஜம்பு மரம்தான். அதற்காக வாதாடிய ஒரே ஆள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாதத்தில் தோற்றதுகூடப் பெரிய விஷயமில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சாட்சியம்தான் மரத்தை வெட்டவைத்தது என்பது விளங்க எனக்கு மேலும் நாலு வருடம் எடுத்தது. இப்போது நான் ஒரு நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதை எழுதிக்கொள்ளும் வேலை பார்க்கிறேன். யாராவது கூண்டில் ஏறி நின்று, கண்ணால் கண்டேன் என்று அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மாமாவின் சேறு பூசிய கைதான் ஞாபகம் வரும்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை. அம்மா வீட்டில் இருந்து தைத்துக்கொடுத்தார். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, ஆனால் கால்கள் மட்டும் ஒரு பெரிய பெண்ணுடையவை. பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. அந்த வருடம் மாகாணப் போட்டிக்குப் போகும் யோகம் அவளுக்கு இருந்தது. அம்மாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் பெருமைக்கும் ஒரு எல்லைக்கோடு கீறி வைத்திருந்தார்.

"பெரியபிள்ளையாகுமட்டும் ஓடட்டும். பிறகு களிசானோட மைதானத்தில நிக்கிற கதையே இல்ல."

வயதுக்கு வந்த பெண் ஓடக்கூடாது என்பதை அவர் வெருட்டிச் சொன்னதில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கிற உடுப்பை எடுக்கவேணும் என்பதுபோலச் சொல்வார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அக்காவும் மறுத்துக் கதைத்ததில்லை. சப்பாத்தின் நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அந்தக் கதை எனக்குச் சம்பந்தமில்லாதது. எனக்குச் சம்பந்தமானது ஜம்பு மரம். எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று சொந்தம். அப்பாவுக்கு ரேடியோ. அம்மாவுக்குத் தையல் மெசின். அக்காவுக்கு அவளுடைய கால்கள். மிஞ்சியது மரம், அது எனக்கு வந்தது. இரண்டாம் வருடமாகக் காய்க்கத் தொடங்கியிருந்தது. இளஞ்சிவப்பாக, குட்டி மணிகள் போல, கொத்துக்கொத்தாகத் தொங்கும். இடைவேளையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னக் கொடுத்தால், அதுவரை என்னைத் திரும்பிப் பாராத பிள்ளைகள் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருவார்கள். ஓட்டத்திலோ பாட்டிலோ படிப்பிலோ பெயரெடுக்காத எனக்கு, ஜம்பு கொண்டுவருகிற பிள்ளை என்ற பெயர் லேசுப்பட்டதல்ல. அந்த மரம் போனால் நான் பழையபடி அக்காவின் தங்கச்சி மட்டும்தான்.

மரத்தின் கெட்டகாலம், அது நின்ற இடம். வீட்டோடு சேர்த்துக் கட்டிய கக்கூசுக்கும் பின்வேலியோரத்து மலக்குழிக்கும் நடுவில், நிலத்துக்குள் போகும் குழாய்க்கு நேர் மேலே நின்றது.

முதலில் சத்தம்தான் வந்தது. வாளித்தண்ணீரை ஊற்றினால் வழமையாக ஒரே மூச்சில் இறங்கும். ஒருநாள் அது விளிம்புவரை ஏறி நின்று யோசித்துவிட்டு, களுக் களுக் என்று தயங்கித் தயங்கி இறங்கியது. அடுத்த நாள் குளியலறைத் தரையில் இருந்த சல்லடை மூடிக்குள்ளிருந்து குமிழி வந்தது. அதற்கடுத்த நாள் மணம் வந்தது. அப்பா ஒரு தடி நுனியில் சாக்கைச் சுற்றிக்கட்டிக்கொண்டு அரை நாள் குத்தினார். சரியாகிவிட்டது. தன் கைராசி என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் திரும்பவும் அடைத்தது. இந்தமுறை கோஸ்டிக் சோடா போட்டார். புகை எழும்பி எல்லாரும் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். பிறகு தண்ணீர் இறங்கியது. அதற்கடுத்த மாதமும் அடைத்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஓவர்சியர் உள்ளே நுழைந்தார். வீதி போடும் வேலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகு அவர் மேற்பார்வை பார்க்க மிச்சமிருந்தது எங்கள் வீடுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வந்து மரத்துக்கு முன்னால் நின்றார்.

"மரம் எப்பிடிக் கொழுத்து நிக்குது பாத்தீங்களே? சும்மா கொழுக்குமே?"

குழாயின் பொருத்துக்குள் வேர் நுழைந்துவிட்டதாம். மரத்தைத் தறித்து, குழாய் முழுவதையும் கிண்டி எடுத்துப் புதிதாகப் போட்டால்தான் சரிவருமாம். இரண்டு கூலியாட்களைத் தானே கூட்டிவந்து தருவதாகவும் சொன்னார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் ஓடிப்போய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். சல்லிக் கிராமத்தில் கடற்கரையோரமாக அவர் வீடு. நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் குளியலறைகளுக்குக் குழாய் பூட்டிப் பூட்டியே தலை நரைத்தவர். அக்காவின் ஓட்டத்தில் அவருக்கு ஒரு பைத்தியம். அவருடைய வீட்டுக்குப் போனால், நெத்தலி காயப்போட்டிருக்கும் பாய்களைச் சுற்றிக் கரைமணலில் அவளை ஓடவிட்டு, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மாமா குழாய் பார்க்கிற விதமே தனி. ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, தரையில் குந்தியிருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு குசினிக்குப் போய் அங்கே ஊற்றச் சொன்னார். குசினித் தண்ணீர் வாழையடிக்கு வேறு வழியாகப் போகிறது, அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு குழியின் மூடியைத் தூக்கி ஒரு தடியை விட்டுப் பார்த்தார். குழி பாதிகூட நிரம்பவில்லை. குழி நிரம்பியிருந்தால் ஒருநாளும் தண்ணீர் இறங்காது, ஆகவே கோளாறு இரண்டுக்கும் நடுவில் என்றார். ஓவர்சியர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, நடுவில் நிற்பது மரம்தானே என்று கேட்டார். மாமா சிரித்தார்.

"ஐயா, வேர் ஒருக்கா உள்ளுக்க வந்தா வெளியில போகாது. நாளுக்கு நாள் இறுக்கிக்கொண்டே போகும். இது வந்து வந்து போகுது. ஆரோ என்னத்தையோ உள்ளுக்க போடுறியள்."

நாங்கள் நாலு பேரும் இல்லை என்று சத்தியம் பண்ணினோம். அக்கா மற்ற எல்லாரையும் விட முந்திச் சொன்னாள். ஓவர்சியர் நம்பவில்லை. முப்பது வருட அனுபவத்தை ஒரு பக்கமும் ஹோட்டல் கக்கூசுகளை மறுபக்கமும் வைத்து இருவரும் வேலிக்குக் குறுக்காக நெடுநேரம் வாதாடினார்கள். கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். இன்னொருமுறை அடைத்தால், காரணம் எதுவென்று அறியாமல் தான் ஓயப்போவதில்லை. கூலியாட்களைக் கூப்பிட்டு அடியிலிருந்து நுனிவரை கிண்டுவது, நடுவில் நிற்கும் மரத்தையும் எடுப்பது. அப்பா சாதுவான மனிதர். ஆனால் ஒன்றைத் தலைக்குள் போட்டுக்கொண்டால் அவ்வளவுதான்.

எனக்கு ஒரு மாதத் தவணை கிடைத்திருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. பாதி எழுதிய ஒரு கொப்பியை எடுத்து, கோடு போட்டு, விசாரணையைத் தொடங்கினேன். அடைத்த நாள், மழை பெய்ததா, மரத்துக்குத் தண்ணீர் விட்டோமா, வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன கறி சமைத்தோம் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிரல். பழைய அடைப்புகளைச் சுவர்க் கலண்டரைப் பார்த்து ஞாபகப்படுத்தினேன். முதல்முறை அடைத்தபோது முழுநிலவுப் போயா விடுமுறை, அதனால்தான் அப்பா பகலில் வீட்டில் நின்று தடியால் குத்தினார். இரண்டாவது அடைப்பும் போயாவுக்கு ஒருநாள் முந்தி. மூன்றாவது இரண்டு நாள் பிந்தி. இன்னொருமுறை எண்ணிப் பார்த்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன். பறுவத்துக்குப் பறுவம் அடைக்கிறது.

காரணமும் உடனே பிடிபட்டது. பறுவத்தில் கடல் பெருகும் என்று வகுப்பில் படித்திருந்தோம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். கடல் பெருகினால் நிலத்தடித் தண்ணீரும் பெருகும், அது குழிக்குள் ஏறும், குழாயைத் தள்ளும், கக்கூசுக்குள் தண்ணீர் எழும்பி நிற்கும். ஆக, குற்றவாளி சந்திரன். மரத்தில் ஒரு பிழையும் இல்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இதைச் சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் நடந்த மற்ற விஷயங்களையும் அதில் எழுதியிருந்தேன். விசாரணை என்றால் எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்று நினைத்தேன். நீலப்பூப் போட்ட பழைய படுக்கைச்சீலையில் பாதியைக் காணவில்லை, ஓவர்சியரின் நாய் இழுத்துப்போயிருக்கும் என்று அம்மா ஏசினார். அக்கா குளியலறைக்குள் போனால் வர அரை மணித்தியாலம். அக்காவுக்கு வயிற்றுக்குத்து, தோடம்பழம் கூடுதலாகத் தின்றதால் என்று சொன்னாள். அக்கா என்னோடு சும்மா சும்மா எரிந்து விழுகிறாள். இந்தக் கடைசி முறைப்பாட்டை நான் மூன்று மாதத்திலும் எழுதியிருந்தேன்.

நாலாவது பறுவம் வந்தது. சொல்லிவைத்ததுபோல அடைத்தது. எனக்கு ஒருபக்கம் பயம், ஒருபக்கம் என் கண்டுபிடிப்பு பலித்த சந்தோஷப் புளுகம். ஞாயிறு காலையில் மாமா கம்பிச் சுருளும் நிலம் கிண்டும் அலவாங்குமாக வந்து இறங்கினார். கூலியாட்களை மறுநாள் வரச்சொல்லியாயிற்று. அதற்கு முன் ஒரு இடத்தில் மட்டும் வெட்டிப் பார்க்கும்படி மாமா அப்பாவை இணங்கவைத்திருந்தார். மாமா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிற்கும்போது கொப்பியை நீட்டினேன்.

அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பின்பக்கத்திலிருந்து திறந்து சிவப்புப் பேனைத் தீர்ப்பை வாசித்துவிட்டுக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்.

"இந்தக் கடல் பறுவத்திலயும் ஒரு முழம் ஏறாது, மோளே. அன்புவழிபுரம் வரைக்கும் வந்து உங்கட கக்கூசில எட்டிப் பாக்குமே?"

எனக்கு அழுகை வந்தது. முன்னுக்கு இருப்பதையும் வாசிக்கச் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் பக்கங்களைப் புரட்டியிருப்பார். புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றது. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு முன்பக்கத்துக்குப் போனார், திரும்பி வந்தார். குழாய்ச் சத்தத்தைக் கேட்கும்போது மூடுவதுபோலக் கண்ணைக் கொஞ்சநேரம் மூடினார்.

"இதைக் கொப்பருக்குக் காட்டினனியே?"

"இல்ல, அப்பாவுக்குக் காட்டேல்ல."

"கொம்மாவுக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கொப்பியைச் சுருட்டிச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டு, கெட்டிக்காரி என்று என் தலையில் கையை வைத்தார். கை இன்னும் ஈரமாக இருந்தது. மரம் தப்பிவிட்டது என்று நான் நினைத்தேன்.

மாமா நேரே அப்பாவிடம் போனார். யோசித்துப் பார்த்தால் ஓவர்சியர் ஐயா சொன்னதுதான் சரிபோலக் கிடக்கிறது, வேர்தான் என்றார்.

ஓவர்சியர் வேலிக்கு மேலால் ஏறாத குறை. மாமா தொடர்ந்து, மரத்தைத் தறித்தாலே போதும், குழாய் முழுவதையும் கிண்டத் தேவையில்லை, பொருத்தில் மட்டும் ஒரு பெட்டி கட்டி மூடி போட்டுவிடலாம், நாளைக்குக் கூலியாட்களும் வேண்டாம் என்றார். சீமெந்து வாங்க அப்பாவை அனுப்பினார். கடைக்காரன் பழைய சீமெந்தைத் தள்ளிவிடுவான், பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் கூடப்போவது நல்லது என்று ஓவர்சியரையும் அனுப்பினார். அந்தப் பெருமையைத் தாங்கமாட்டாமல் ஓவர்சியர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு ஓடினார்.

நான் மரத்தில் ஏறினேன். மரத்தில் ஆள் இருந்தால் வெட்டமாட்டார்கள் என்பது என்னுடைய திட்டம். உச்சிக் கொப்பில் இலைகளுக்குள் ஒடுங்கிக்கொண்டேன். மாமா என்னைக் காணவில்லை. வளவில் ஆளில்லை என்று நினைத்து அலவாங்கைப் போட்டார்.

மேலேயிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. மண்ணைத் தோண்டிக் குழாயைக் கண்டார், பொருத்தைக் கழற்றினார். உள்ளே ஒரு வேர்கூட இல்லை. குழாய் கோப்பையின் உட்பக்கம்போல வழுவழுப்பாக இருந்தது. கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பந்து வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது விரிந்துகொண்டு வந்தபோது அதன் ஓரத்தில் நீலப்பூத் தெரிந்தது. எங்கள் படுக்கைச்சீலை! மாமா அவசர அவசரமாக எல்லாவற்றையும் ஒரு பழைய சீமெந்துப் பைக்குள் போட்டுச் சுருட்டி, வேலியோரத்தில் தோண்டிப் புதைத்தார். மேலே மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். பிறகு திரும்பி வந்து மரத்தடியைப் பக்கவாட்டில் கிண்டி, முழங்கை நீளத்தில் ஒரு வேரை வெட்டி எடுத்தார். மண்ணை உதறினார். குழாய்ச் சேற்றில் அதைப் புரட்டினார். ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, காணாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பவும் புரட்டினார்.

அப்பாவும் ஓவர்சியரும் வந்தபோது மாமா கையை உயர்த்தி வேரைக் காட்டினார். குழாய்க்குள்ளிருந்து இழுத்தெடுத்ததாகச் சொன்னார். "நான் கண்ணால கண்டனான்" என்றும் சொன்னார். ஓவர்சியர் வேரை வாங்கி, கோயிலில் பிரசாதம் வாங்கியதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

என்னால் அடக்க ஏலவில்லை. மரத்தின் மேலேயிருந்து கத்தினேன்.

"பொய்! மாமா பொய் சொல்றார்! வேர் இல்ல! துணி! எங்கட படுக்கைச்சீலை!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து வந்தார். அவருக்குப் பின்னால், வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். மாமா என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. என்னைக் கெஞ்சுவதுபோல இருந்தது. எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. திரும்பவும் கத்தினேன்: துணி, நீலப்பூ, வேலியடியில் புதைத்தார்.

அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான், பிள்ளை துணி எண்டு என்னவோ சொல்லுது?"

மாமா வாயைத் திறக்க முன்னம் அம்மா முந்திக்கொண்டார். அம்மா என்னை அண்ணாந்து பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பிக் குசினி வாசலைப் பார்த்தார். "மரம் போகுதெண்டு அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லுறாள், நீங்க வேலையைப் பாருங்கோ" என்றார். உள்ளே போய்க் கோடரியை எடுத்துக்கொண்டு வந்து மாமாவின் கையில் கொடுத்தார். ஒரு கிழமைக்கு முன்புதான், காய்க்கிற மரத்தை வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொன்ன அதே அம்மா.

அப்பா ஏறி என்னை இறக்கினார். நான் அவருடைய தோளைக் கடித்தேன். மரம் அரை மணித்தியாலத்துக்குள் விழுந்தது. பழுத்ததும் பிஞ்சுமாக முற்றம் முழுக்கச் சிவந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாமாவின் முதுகுக்கு எறிந்தேன். அவர் திரும்பவில்லை. குனிந்தபடி செங்கல் வைத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னை ஏசவில்லை என்பது அப்போது எனக்கு வினோதமாகப் படவில்லை.

போகுமுன் மாமா குளியலறை மூலையில் ஒரு பழைய பெயின்ற் வாளியைக் கழுவி வைத்தார், மூடியோடு. இனி இந்த வீட்டில் எதுவும் உள்ளே போகக்கூடாது, எல்லாம் இதற்குள்தான் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து, யாரும் கேட்காமலே அந்த வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிமூலையில் தானே குப்பையை எரித்தார். மரத்தை அநியாயமாக வெட்டிய குற்ற உணர்வில் செய்கிறார் என்று நான் கணக்குப் போட்டேன். அவர் வந்தால் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

குழாய் அதற்குப்பிறகு ஒருபோதும் அடைக்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய அடி. பார்த்தீர்களா, வேர்தான் என்று ஓவர்சியர் ஊரெல்லாம் சொன்னார். ஹோட்டலில் குழாய் பூட்டுகிற மாமாவுக்குத் தான் பாடம் படிப்பித்த கதையை எங்கள் ஒழுங்கையில் அவர் சொல்லாத வீடில்லை. மாமா வரும்போதெல்லாம் வேலிக்கு மேலால் பகிடி விடுவார். முன்பென்றால் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கும் மாமா, ஓம் ஐயா, நீங்கள் சொன்னது சரிதான் என்றுவிட்டுப் போவார்.

மரம் விழுந்து மூன்று கிழமையில் அக்கா மட்டக்களப்பில் மாகாணப் போட்டியில் ஓடினாள். அம்மாதான் கூடப் போனார். மூன்றாம் இடம். முதல் இரண்டு பேர்தான் மேலே போகலாம். வந்து இரண்டு கிழமையில் அக்கா பெரியபிள்ளையானதாக அம்மா சொன்னார். சாமத்தியவீடு பெரிதாக நடந்தது. முறைப்படி தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். மாமா வெள்ளை வேட்டி கட்டி வந்து, பாலும் அறுகம்புல்லும் கலந்த தண்ணீரை அக்காவின் தலையில் வார்த்தார். எனக்குக் குத்துவிளக்குத் தட்டைப் பிடிக்கும் வேலை. மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தும் விடவில்லை. அதனால்தான் அவர் குனிந்து அவளுடைய காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"நல்லா ஓடினனீ, பிள்ளை."

அக்கா விசும்பி விசும்பி அழுதாள். எப்போதோ முடிந்த ஓட்டத்தை இப்போது ஏன் கதைக்கிறார், இவருக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வதென்றே தெரியாது என்று நான் நினைத்தேன். அந்த அழுகையையும் மூன்றாம் இடத்துக்கான அழுகை என்றே மனதில் எழுதிக்கொண்டேன். அக்கா அதற்குப்பிறகு ஓடவில்லை. சப்பாத்தை எனக்குத் தந்தாள். எனக்கு அது பெரிது.

நாலு வருடம் கழித்து என்னுடைய முறை வந்தது. அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ச் செய்யவேண்டியதையெல்லாம் தணிந்த குரலில் சொல்லித்தந்தார். பழைய துணியைத் தாளில் சுற்றவேண்டும். வாளிக்குள் போட்டு மூடவேண்டும். பெயின்ற் பெயர் அழிந்துபோன அதே வாளி.

"கொக்கா மாதிரி உள்ளுக்க போட்டிராத. குழாய் அடைச்சுப் போடும்."

அக்காவைப் பற்றி அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு அம்மா துவாயை மடித்துக் கம்பியில் போட்டார். நான் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொப்பியில் நான் போட்ட நிரல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பறுவத்துக்குப் பறுவம். நீலப்பூச் சீலை. வயிற்றுக்குத்து. அரை மணித்தியாலம். மாகாணப் போட்டிவரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிக்கவேண்டும் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை நாலு மாதமாகத் தனியே பட்ட பாட்டை, நான் நாள் நேரத்தோடு எழுதி, அடிக்கோடும் இட்டு, மாமாவின் கையில் கொடுத்திருந்தேன். மறுநாள் கூலியாட்கள் வந்து குழாயைக் கிண்டியிருந்தால் முழு ஒழுங்கைக்கும் தெரிந்திருக்கும். காரணம் ஒன்றைக் காணாமல் அப்பா ஓயமாட்டார். ஆகவே மாமா ஒரு காரணத்தைச் செய்து கொடுத்தார். நான் மரத்திலிருந்து கத்தியபோது அம்மாவும் விளங்கிக்கொண்டார், விளங்கிக்கொண்டு கோடரியை எடுத்து வந்தார். கோடு கீறிய அவரே, அந்தக் கோட்டைத் தாண்டிப்போன பிள்ளையை மூன்று கிழமை காணாததுபோல இருந்து, பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் ஓடவிட்டார். மாமா, அம்மா, அக்கா மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் கதைக்கவில்லை.

அன்று அந்த முற்றத்தில் உண்மை பேசிய ஆள் நான் ஒருத்திதான். யாராவது அதை நம்பியிருந்தால் அக்கா அந்த ஒரு ஓட்டத்தைக்கூட ஓடியிருக்கமாட்டாள்.

போன மாதம் சல்லிக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. கதிரையில் இருந்துகொண்டு ரேடியோ கேட்கிறார். வரும்போது கடையில் கண்ட ஜம்புக் காய்களை வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றை எடுத்து உப்பில் தொட்டுத் தின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து மெல்லக் கேட்டேன்.

"மாமா, அந்த மரத்தில ஒரு பிழையும் இல்லைத்தானே?"

அவர் விதையை வெளியே துப்பினார். என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

"பிழையில்லாத மரத்தை நான் வெட்டுவனே? வேர்தான், மோளே. நான் கண்ணால கண்டனான்."

"ஓம் மாமா, வேர்தான்" என்றேன்.